மூக்குத்தி வைத்த வட்டம்

ஒரே ஒரு ஊரில், ஒரே ஒரு வீதியில், ஒரே ஒரு மாடி ரூமில், ஒரு வட்டம் வட்டமாக வரமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்ததாம். ஊர், கோயம்புத்தூருக்குக் கிழக்கே பம்புசெட் பட்டறைகளையும் ஃபவுண்டரிப் புகையையும் தாண்டிப் போனால் வருவது. வீதிக்கு மூணாம் வீதி என்று பேர், முதல் வீதியும் ரெண்டாம் வீதியும் எங்கே என்று கேட்டால் அங்கே யாருக்கும் சொல்லத் தெரியாது. மாடி ரூம் குணசீலனுடையது. பம்புசெட் கம்பெனியில் வரைபடம் போடுகிற வேலையில் இருந்தவன், அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள் என்று வீட்டுக்கு வந்து சேர்ந்தவன், வந்த சூட்டிலேயே, நானே ஒரு சி.என்.சி. மிஷின் செய்யப் போகிறேன், பலகையை வைத்துக் கம்ப்யூட்டரில் படத்தைக் கொடுத்துவிட்டால் அது பாட்டுக்கு மரத்தைக் குடைந்து பூவும் கொடியும் சாமியும் எடுத்துவிடும், பூஜையறைக் கதவு போட்டே பிழைத்துக்கொள்வேன் என்று டீக்கடையில் வைத்துச் சொல்லிவிட்டான். அதிகம் பேசாத ஆள் வாயிலிருந்து இவ்வளவு நீளமாக ஒரு பேச்சு வந்ததால் வீதியே அதை நம்பிவிட்டது. மிஷினுக்கு மரங்கொத்தி என்று பேரும் வைத்துவிட்டது.

மரங்கொத்தி ஒரு கட்டில் அகலத்துக்கு வளர்ந்தது. கட்டிலின் மேலே நீளவாக்கில் ஓடுகிற ஒரு பாலம், பாலத்தின் மேலே குறுக்குவாக்கில் ஓடுகிற ஒரு ஸ்பிண்டில், ஸ்பிண்டிலின் வாயில் சுற்றுகிற ஒரு சின்ன உளி, பாலத்தைத் தள்ளவும் இழுக்கவும் திருகுத் தண்டுகள், தண்டைச் சுற்ற மோட்டார்கள். எல்லாம் சுற்றியது, எல்லாம் ஓடியது, ஆனால் முதன்முதலாக ஒரு பலகையை வைத்து ஒரு வட்டம் போடச் சொன்னபோது, ஓரத்தில் யாரோ கிள்ளிவிட்ட இட்லி மாதிரி ஒன்றைப் போட்டுவிட்டு மிஷின் நின்றது. ஒரு பக்கம் தட்டை. ஆரம்பித்த இடத்துக்கு முடிவு வந்து சேராமல், அங்கே ஒரு சின்னக் குழி.

குணசீலன் எர்த் வயரை மாற்றினான், மோட்டாருக்குக் கரண்டைக் கூட்டினான், வேகத்தைக் குறைத்தான், சாமான் விற்ற ஆளுக்குப் போன் போட்டு ஒன்றுக்கு ரெண்டு பாட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான், முன்னே பின்னே தெரியாத வெளிநாட்டுக்காரர்கள் போட்ட வீடியோவையெல்லாம் பார்த்தான், பார்த்துப் பார்த்து ஒவ்வொரு நட்டாக இறுக்கினான், அப்படியும் இட்லி இட்லியாகவே வந்தது. பலகைகள் தீர்ந்துபோயின. அதற்கப்புறம் பலகை வைக்காமல், உளியைக் கட்டிலுக்கு மேலே தூக்கி நிறுத்திவிட்டு வெறும் காற்றில் வட்டம் போட்டுப் பார்க்க ஆரம்பித்தான். இந்த மிஷின் செய்கிற எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். காற்று கெட்டுப்போகாது என்கிற தைரியம். பெண்டாட்டி துளசிமணி மில் ஆபீஸுக்குப் போயிருப்பாள், வீதி சாப்பிட்டுவிட்டுக் கண்ணசந்திருக்கும், மாடியில் மரங்கொத்தி காற்றைக் கொத்திக்கொண்டிருக்கும்.

அப்படி ஒரு மத்தியானம், ஒன்றுமே வைக்காத கட்டில் மேலே மரத்தூள் விழுந்தது. உளி காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது, தூள் அதன் வாயிலிருந்து பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. குணசீலன் கொஞ்சம் அள்ளி மோந்து பார்த்தான். தேக்கு. நடுவே பச்சைப் பெயிண்டுச் செதில்கள்.

அதே நேரத்தில் கீழே, பச்சைப் பெயிண்டு அடித்த தேக்குக் கதவு வைத்திருந்த சென்னியப்பன் வீட்டில், காயவைத்த மிளகாயை அள்ள வந்த அந்த வீட்டம்மா, கதவில் ஒரு கோடு எறும்பு ஊர்கிற மாதிரி தானாக ஊர்ந்து வந்து ஒரு சுற்றுச் சுற்றி நிற்பதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மிளகாயை அள்ளி உள்ளே வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, வீட்டுக்காரரை எழுப்பினாள்.

சென்னியப்பன், கோயில் திருவிழா நடத்துகிற நோம்பிக் கமிட்டிக்குப் பொருளாளர். வீதியில் பாதி, அவர் வாடகைக்கு விட்ட லைன் வீடுகள், மீதிப் பாதி அவர் சொன்னால் கேட்கும். அவர் வந்து பார்த்தார், பக்கத்து வீடு வந்து பார்த்தது, டீக்கடை லூர்து கரண்டியும் கையுமாக வந்து பார்த்தார். கதவு போச்சே என்று ஒருத்தரும் சொல்லவில்லை. கொஞ்சம் சாஞ்சாப்பல ஒரு மொகம் தெரியுதுங்களே என்றாள் ஒருத்தி. அந்தக் குழி மூக்குத்தி பாருங்க என்றாள் இன்னொருத்தி. அதற்கப்புறம் அங்கே நின்ற எந்தக் கண்ணுக்கும் வேறொன்றும் தெரியவில்லை. மஞ்சள் வந்தது, குங்குமம் வந்தது, எலுமிச்சம்பழம் வந்தது, ஆத்தா மொகம் என்று பேரும் வந்தது.

மறுநாள் லூர்து வீட்டுக் கதவில் விழுந்தது. அவர் மாதா முகம் என்று மெழுகுவத்தி வைத்தார். அடுத்தது காதர் பாய் வீடு. அவர் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, முழுசா ரொம்பாத நெலவுங்க, நோன்பு வரைக்கும் இருந்தாச் சரி என்று சொல்லி, வந்தவர்களுக்கெல்லாம் டீ சொன்னார். இப்படியே ஒரு மத்தியானத்துக்கு ஒரு வீடாக விழுந்துகொண்டு வந்தபோது, காற்றுக்குக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கியவர்கள் சாத்திக்கொண்டு வேர்க்க விறுவிறுக்கத் தூங்கினார்கள், இரும்புக் கதவு போட்டிருந்தவர் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வேப்பங்கதவு மாட்டினார், வாசல் கோலத்தில் வட்டத்தையெல்லாம் ஒரு பக்கம் கிள்ளியே போட்டார்கள், தோசையை ஊற்றிக் கரண்டிக் காம்பால் ஓரத்தில் ஒரு குத்துக் குத்தினார்கள். அஞ்சாம் வகுப்புப் பையன் ஒருவன் கணக்குப் பரீட்சையில் கிள்ளின வட்டம் போட்டு வைக்க, டீச்சர் மார்க்கைக் குறைக்க, எங்க ஊரு வட்டம் இப்படித்தாங்க இருக்கும் என்று தாய்மார்கள் பள்ளிக்கூடத்துக்கே போய்ச் சண்டை பிடித்துவிட்டு வந்தார்கள்.

குணசீலன் கீழே இறங்கி வந்து முதல் கதவைப் பார்த்த அன்றைக்கே தெரிந்துகொண்டான். அந்தத் தட்டை அவனுடைய தட்டை. அந்தக் குழி அவனுடைய குழி. தன்னுடைய பிழையை ஊர் முழுக்க மஞ்சள் பூசி வைத்திருப்பதைப் பார்த்தபோது காது மடல் சுட்டது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். சென்னியப்பன் கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டு கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். சரி, நாளைக்கு என்று வாயை மூடிக்கொண்டான். நாளைக்கு லூர்து வீட்டில் மெழுகுவத்தி. மிஷினை நிறுத்தலாம் என்றால், வட்டம் சரியாக வராமல் பிழைப்புக்கு வழியில்லை. நிறுத்தாமல் ஓட்டினால் ஒரு கதவு. ஓட்டினான். ஒருநாள் அவன் வீட்டுக் கதவிலேயே விழுந்தது. துளசிமணி மில்லிலிருந்து வந்து பார்த்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, தலையிலிருந்த பூவை எடுத்து அதன் மேலே செருகினாள்.

"நம்மளையும் ஒரு வீடுன்னு நெனச்சு வந்திருக்கா பாருங்க" என்றாள்.

அவனுக்கு வேலை போனதிலிருந்து அவள் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. அதைப் பிடுங்கிப் போட அவனுக்குக் கை வரவில்லை.

இப்படி எல்லா வீட்டுக்கும் விழுந்து, ஒரு வீட்டுக்கு மட்டும் விழவில்லை. வீதியின் கடைசி வீடு, சென்னியப்பனின் லைன் வீட்டில் கடைசி, அதில் சிந்தாமணி குடியிருந்தாள். புருசன் திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் ஆகிவிட்டான். அவள் ஒரு தையல் மிஷினை வைத்துக்கொண்டு மூணாம் வீதியின் ஜாக்கெட்டுகளையெல்லாம் தைத்துக்கொண்டிருந்தாள். யார் எவ்வளவு பெருத்தார்கள், இளைத்தார்கள் என்பது அவளுக்குத்தான் தெரியும், ஒருத்தி விஷயத்தை இன்னொருத்தியிடம் சொல்லமாட்டாள். முதலில் அவளேதான் சிரித்தாள். ஆத்தாளுக்கு நம்மூட்டு அட்ரஸ் தெரியலையாட்ட இருக்குது, பின்கோடு எழுதிப் போடோணும் என்றாள். கேட்டவர்களும் சிரித்தார்கள். அப்புறம் தையில் வருகிற நோம்பி நெருங்க நெருங்க, சிரிப்பதற்கு ஆள் குறைந்தது. அந்த வீட்டுல என்னமோ இருக்குது, இல்லாட்டி ஏன் தாண்டிப் போறா என்று ஒருத்தி கேட்டாள், கேட்டது நல்ல மாதிரியாகத்தான் கேட்டாள், ஆனால் அந்தக் கேள்வி வீட்டுக்கு வீடு போய் வந்தபோது பதிலாகிவிட்டிருந்தது. துணி கொடுத்தவர்கள் தைக்காமலே திருப்பி வாங்கிக்கொண்டார்கள். சென்னியப்பன் போய், மென்று விழுங்கிப் பேசி, தைக்குள்ள வேற வீடு பாத்துக்க சாமி, உன்ற மேல ஒண்ணுமில்ல, மத்த வீட்டுக்காரங்க சங்கடப்படறாங்க என்று சொல்லிவிட்டு, அவள் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் வந்தார்.

துளசிமணியும் தன் ஜாக்கெட்டுத் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தாள். நோம்பி முடியட்டும்னு வாங்கிட்டேன் என்று அவனைப் பார்க்காமல் சொன்னாள். குணசீலன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

ஏனென்றால் சிந்தாமணி வீட்டுக்கு ஏன் விழவில்லை என்பது அவனுக்குத் தெரியும். எந்தக் கதவில் எப்போது விழுந்தது, அப்போது ஸ்பிண்டில் கட்டிலின் எந்த இடத்தில் நின்றது என்று ஆடி மாசத்திலேயே யோசித்துப் பார்த்துவிட்டான். கட்டிலின் இந்த முனை டீக்கடை, அந்த முனை கடைசி வீடு. பாலம் அந்த முனை வரைக்கும் போகாது. போகாமல் செய்தவன் அவன்தான். பாலம் ஓடுகிற கம்பிகளை அறுக்கிறபோது, துளசிமணியின் அண்ணன் மருதாசலம், லேத்துப் பட்டறை வைத்திருப்பவர், கொண்டாங்க மாப்ள, ரெண்டையும் ஒண்ணாக் கட்டி அறுத்துத் தர்றேன் என்று கேட்டார். வேண்டாங்க மச்சான், நானே பாத்துக்கறேன் என்றவன், வீட்டில் வைத்து ஒவ்வொன்றாக அறுத்து, ஒரு கம்பியை நாலு விரற்கடை குறைச்சலாக அறுத்துவிட்டான். பாலத்தைக் கடைசி வரைக்கும் ஓடவிட்டால் கம்பியில் வழுக்கி ஓடுகிற பேரிங் ஒரு பக்கம் பாதி அந்தரத்தில் தொங்குவது, பார்க்கிற யாருக்கும் தெரிந்துவிடும். அதனால் பாலத்தை நிறுத்துகிற ஸ்விட்சை முன்னாலேயே தள்ளி மாட்டி, அதற்கப்பால் இருப்பதையெல்லாம் ஒரு தகரத்தால் மூடிவிட்டான். மச்சான் வந்து பார்த்தபோது, அந்தத் தகரம் எதுக்குங்க என்று கேட்டார். தூசி போகாம இருக்குறதுக்கு என்று சொன்னான். அந்தத் தகரத்தை எடுத்து ஸ்விட்சை நகர்த்தினால் போதும், சிந்தாமணி கதவில் விழுந்துவிடும். எடுத்தால் மச்சான் பார்த்துவிடுவார். படித்த மாப்பிள்ளைக்குக் கம்பி அறுக்கத் தெரியவில்லை என்று ஆகிவிடும். இதற்காகத்தான், இந்த ஒன்றுக்காகத்தான், ஆடி போய் ஆவணி போய் புரட்டாசியும் போனது.

கார்த்திகையில் சிந்தாமணி சூலூர்ப் பக்கம் வீடு தேடுகிறாள் என்று கேள்விப்பட்ட மத்தியானம், குணசீலன் மாடிக்குப் போய்த் தகரத்தைக் கழற்றினான். கழற்றியதும் அவனுக்கு முகத்தில் அறைந்தாற்போல் ஆனது. மூடிவைத்த இடத்தில்தான் மோட்டாரையும் திருகுத் தண்டையும் சேர்க்கிற கப்ளிங் இருந்தது. அதில் ஒரு சின்ன ஸ்க்ரூ லூசாக இருந்தது. இத்தனை மாசமும் மிஷினில் எல்லா நட்டையும் இறுக்கியவன், தன் மானம் ஒளிந்திருந்த இந்த ஒரு இடத்தில் மட்டும் கை வைக்கவில்லை. பாலம் திரும்புகிறபோதெல்லாம் தண்டு ஒரு நூல் தங்கித் தங்கித்தான் சுற்றியிருக்கிறது. தட்டை அதனால். குழியும் அதனால்.

லூசான ஸ்க்ரூவைப் பார்த்துவிட்டு இறுக்காமல் விட அவன் கைக்குத் தெரியாது. யோசிக்காமல் இறுக்கினான். ஸ்விட்சைக் கடைசிக்கு நகர்த்தினான். பாலத்தை அந்த முனைக்கு ஓட்டி, பேரிங் பாதி அந்தரத்தில் தொங்க, காற்றில் ஒரு வட்டம் போட்டான். வேப்பந்தூள் விழுந்தது. அவன் இதுவரை பார்த்ததிலேயே அழகான தூள் அது, ஒரே சீராக, உப்பு ரவை மாதிரி விழுந்தது. இனி அவளைப் போகச் சொல்லமாட்டார்கள் என்று நினைத்தான்.

சிந்தாமணி கதவில் விழுந்தது வட்டம். கிள்ளாத, தட்டையில்லாத, குழியில்லாத, முழுசான வட்டம். வீதி வந்து பார்த்தது. யாரும் கையெடுத்துக் கும்பிடவில்லை. மூக்குத்தி எங்கே என்றார்கள். மூக்குத்தி இல்லாத ஆத்தா உண்டா என்றார்கள். இது காம்பஸ் வச்சுப் போட்ட மாதிரியில்ல இருக்குது என்று ஒருத்தர் சொன்னதும், தையக்காரிகிட்ட இல்லாத காம்பஸா, ஜாக்கெட்டுக்குக் கழுத்து வெட்டறவதான என்று ஒருத்தி முடித்து வைத்தாள். இதுவரைக்கும் ஆத்தா வராத வீடு என்று இருந்தது, இப்போது ஆத்தாளைப் போலி பண்ணின வீடு என்று ஆகிவிட்டது. தை வரைக்கும் என்று சொல்லியிருந்த சென்னியப்பன், இந்த வாரமே என்றார். சிந்தாமணி கதவில் சாய்ந்துகொண்டு, அந்த வட்டத்தின் மேலேயே முதுகை வைத்துக்கொண்டு, நான் தொடவே இல்லீங்க என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். மறுபடி சொல்லவில்லை.

அவள் சாமான் ஏற்ற டெம்போ வந்து நின்ற காலையில் குணசீலன் வீதியில் இறங்கி நின்று, எல்லாரும் கொஞ்சம் மாடிக்கு வாங்க என்றான். சத்தமாகப் பேசி வழக்கமில்லாததால் குரல் உடைந்து வந்தது. அந்த உடைந்த குரலுக்காகவே வந்தார்கள். சென்னியப்பன் வந்தார், லூர்து வந்தார், காதர் பாய் வந்தார், தங்கச்சி வீட்டுக்கு அப்போதுதான் வந்திருந்த மருதாசலம் வந்தார், துளசிமணி வந்தாள், படி கொள்ளாமல் பெண்கள் வந்தார்கள், கடைசியாகச் சிந்தாமணி வந்து வாசலோடு நின்றுகொண்டாள். குணசீலன் வெறும் கட்டிலைத் தடவிக் காட்டினான். உளியைத் தூக்கி நிறுத்தினான். மிஷினை ஓட்டினான். தூள் விழுந்தது. எட்டிப் பார்த்த ஒரு பெண், இப்ப லூர்தண்ணன் கதவுல ரெண்டாவதா ஒண்ணு விழுகுதுங்க என்று மேலிருந்து சொன்னாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். ஸ்க்ரூ லூசாக இருந்தது. அதனால்தான் அந்தத் தட்டை. மூக்குத்தி என்று கும்பிட்டது மிஷினின் பழுது. சிந்தாமணி அக்கா வீட்டில் விழுந்ததுதான் சரியான வட்டம். அந்த வீட்டுக்கு முன்னாலேயே விழாமல் போனதற்கும் நான்தான் காரணம். கம்பியைக் குறைச்சலாக அறுத்துவிட்டு, அதை மறைக்க இந்த இடத்தை மூடி வைத்திருந்தேன். சொல்லி முடித்துவிட்டு, அடிக்கப் போகிறார்கள் என்று காத்திருந்தான்.

யாரும் அடிக்கவில்லை. சென்னியப்பன் மிஷினைச் சுற்றி வந்து, மோட்டாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஏப்பா, இத்தன நாளா ஆத்தா இங்கதான் இருந்திருக்கா. நீ எதுக்குய்யா அந்த ஸ்க்ரூவ முடுக்குன?"

குணசீலனுக்கு விளங்கவில்லை. பழுதுங்க அது என்றான்.

"பழுதா? எங்க கதவுல இருக்குறதெல்லாம் பழுது, அந்தக் கதவுல இருக்குறது மட்டும் சரிங்கறயா?" அவர் சுற்றிலும் பார்த்தார். சுற்றிலும் இருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். "கமிட்டியில இருக்குறவங்க நாங்க. பாத்துப் பேசோணும் தம்பி."

அதற்கப்புறம் ஆளாளுக்கு அவனைத் திட்டினார்கள். உள்ளே இருந்தவளை முடுக்கி வெளியே அனுப்பிவிட்டான் என்று திட்டினார்கள். மறுபடி லூஸ் பண்ணினால் வருவாளா என்று ஒருத்தி கேட்டாள். போனவ போனவதான் என்றாள் இன்னொருத்தி. சிந்தாமணியைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. அவளைத் தாண்டித்தான் எல்லோரும் படியிறங்கினார்கள், வழி விடு சாமி என்று மரியாதையாகத்தான் சொல்லிவிட்டு இறங்கினார்கள். லூர்து ஏதோ சொல்ல வாயெடுத்து, பால் பொங்கிவிடும் என்று ஓடினார். காதர் பாய் அவளைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றார், பிறகு தரையைப் பார்த்தபடி போனார்.

மருதாசலம் குனிந்து, அந்தரத்தில் தொங்குகிற பேரிங்கைப் பார்த்தார். அவர் கம்பியின் முனையை விரலால் தடவி, கம்மியாயிருச்சாட்ட இருக்குது, பட்டறைக்குக் குடுத்துவுடுங்க மாப்ள, வேற போட்டுக்கலாம் என்றார். அவ்வளவுதான். சிரிக்கக்கூட இல்லை. துளசிமணியைப் பார்த்து, டீ இருக்குதா கண்ணு என்று கேட்டுக்கொண்டே இறங்கிப்போனார். துளசிமணி புருசனைப் பார்க்கவில்லை, சிந்தாமணியையும் பார்க்கவில்லை, மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அண்ணன் பின்னாலேயே இறங்கினாள்.

சிந்தாமணி உள்ளே வந்தாள். மிஷினைப் பார்த்தாள். ஒரு தையல் மிஷினைப் பார்க்கிற மாதிரி, எங்கே சுற்றுகிறது, எங்கே இழுக்கிறது என்று பார்த்தாள்.

"என்ற வீட்டுக்கு எட்டாதுன்னு எப்பத் தெரியும் தம்பி?"

"ஆடியிலயே தெரியுங்க அக்கா."

"இப்பக் கார்த்திகை."

"ஆமாங்க."

"அந்த ஸ்விட்ச நகத்த எத்தன நேரமாச்சு?"

வேறு என்னவாவது சொல்லலாமா என்று அவன் வாய் தேடியது. "ஒரு டீ குடிக்கற நேரந்தானுங்க."

அவள் தலையை ஆட்டினாள். ஜாக்கெட்டுக் கை எவ்வளவு நீளம் வேண்டும் என்று யாராவது சொன்னால் ஆட்டுகிற மாதிரி ஆட்டினாள்.

சென்னியப்பன்கிட்ட மறுபடியும் போய்ச் சொல்றேனுங்க, வீட்டுக்கு வீடு போய்ச் சொல்றேனுங்க என்று அவன் ஆரம்பித்தான்.

"அதான் சொல்லிட்டயே கண்ணு. கேட்டுட்டுத்தான போறாங்க."

கீழே டெம்போக்காரன் ஹாரன் அடித்தான். அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினாள். குணசீலன் மாடிச் சுவரோரம் போய் நின்றான். தையல் மிஷினைப் பின்னால் கட்டிக்கொண்டு டெம்போ முன்னே போனது. முன்சீட்டில் இடமிருந்தும் அவள் ஏறவில்லை. வீதி நீளத்துக்கும் இரு பக்கமும் கதவுகள் சாத்தியிருந்தன, ஒவ்வொன்றிலும் மஞ்சள் பூசிய முகம். அவள் எந்தக் கதவையும் திரும்பிப் பார்க்காமல், வேகமும் இல்லாமல் மெதுவும் இல்லாமல், அளவெடுத்த நடையாக நடந்து, டீக்கடை முனையில் திரும்பிப் போனாள்.